தலைமடையில் எறிவதும் கடைமடையில் சேர்வதும்

(ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

புகழனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் உயிரினும் மேலான அண்ணல் நபி முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!

 

குப்பையைக் குறைப்பது பற்றி நம் இளைஞர்கள் சிலர் தெருத்தெருவாகச் சென்று எடுத்துச் சொல்லி வருவதை நீங்கள் அறிவீர்கள். அவர்களைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகத்தினர் என்னைப் பணித்தனர். பாராட்டி நான்கு வார்த்தைகள் சொல்லிவிட்டு அமர்ந்துவிடலாம். பாராட்டுவது எளிது, அவர்கள் கேட்பதைச் செய்வதுதான் கடினம். எனவே இன்று என் பேச்சின் பெரும்பகுதி பெரியவர்களாகிய உங்களை நோக்கியே அமையும்.

பெரியோர்களே! நாம் வாழ்வது காவிரியின் மண்ணில். 1934ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையிலிருந்து ஜூன் 12ஆம் நாள் தண்ணீர் திறப்பது வழக்கம். அந்தத் தண்ணீர் கல்லணையை அடைந்து காவிரியாகவும், வெண்ணாறாகவும், புது ஆறு என்று நாம் அழைக்கும் கல்லணைக் கால்வாயாகவும் பிரிகிறது. பின்னர் ஆறுகளாக, வாய்க்கால்களாக, வயலுக்கு வயல் பாயும் கன்னிகளாகக் கிளை விரிகிறது. தலைமடையில் இருப்பவன் முதலில் நீர் பெறுகிறான். கடைமடையில் இருப்பவன் எல்லோருக்கும் பிறகு, எஞ்சியதைப் பெறுகிறான்.

நீர் செல்லும் அதே வழியில்தான் நாம் எறிபவையும் செல்கின்றன. ஊருக்குள் ஓடும் வாய்க்காலில் ஒருவர் ஒரு பாலித்தீன் பையைப் போடுகிறார். அது அவர் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. ஆனால் உலகிலிருந்து மறைந்துவிடுவதில்லை. அடுத்த மதகில் ஆகாயத்தாமரையோடு சேர்ந்து அடைத்துக்கொள்கிறது. தண்ணீர் தேங்கி மேட்டில் இருப்பவனின் நாற்றை அழுகச் செய்கிறது. கீழே இருப்பவனின் வயலைக் காய வைக்கிறது. அந்தக் கடைமடை விவசாயி நம் பெயரை அறியமாட்டார். அவர் எந்த மதத்தவர் என்பதை நாமும் அறியமாட்டோம். ஆயினும் அவருடைய உரிமை நம் கழுத்தில் ஏறிவிட்டது.

அல்லாஹ்வுக்குச் செய்ய வேண்டிய கடமையில் குறை வைத்தால் தவ்பா செய்து அவனிடமே மன்னிப்புக் கேட்கலாம். அடியார்களின் உரிமையில், அதாவது ஹக்குல் இபாதில் குறை வைத்தால், பாதிக்கப்பட்டவரும் மன்னிக்க வேண்டும் என்று உலமாக்கள் நமக்குக் கற்பித்துள்ளனர். முகம் தெரியாத அந்த விவசாயியை எந்த ஊரில் தேடி மன்னிப்புக் கேட்பது? இந்த ஒரு கேள்விக்காகவாவது நாம் கையிலுள்ள குப்பையை எறியும் முன் ஒரு கணம் நிற்க வேண்டும்.

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும், ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ள கப்பல் உவமையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். சீட்டுக் குலுக்கிச் சிலர் மேல்தளத்திலும் சிலர் கீழ்த்தளத்திலும் இடம் பெற்றனர். தண்ணீருக்காக ஒவ்வொரு முறையும் மேலே செல்ல வேண்டியிருந்ததால், கீழே இருந்தவர்கள் தங்கள் பகுதியிலேயே துளையிட எண்ணினர். அவர்களை விட்டுவிட்டால் எல்லோரும் அழிவர். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் தப்புவர் என்பது நபிகளார் (ஸல்) விளக்கிய பாடம். நம் டெல்டாவும் அத்தகைய ஒரு கப்பலே. இளைஞர்கள் வீட்டு வாசலில் வந்து நின்று பேசுவது நம் கையைப் பிடித்துத் தடுக்கும் செயலாகும். அதைத் தொல்லையாகக் கருதலாகாது.

இளைஞர்களால் என்ன ஆகும் என்று கேட்போர் நம் மாவட்டத்தின் கடைமடையாகிய பேராவூரணியைப் பார்க்கட்டும். 2018 நவம்பர் 16ஆம் நாள் வீசிய கஜா புயல் அப்பகுதியின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துச் சென்றது. துபாயில் கணினிப் பொறியாளராகப் பணியாற்றிய நிமல் ராகவன் என்ற இளைஞர் ஊருக்கு வந்து நிவாரணப் பணியில் இறங்கினார். பிறகு திரும்பிச் செல்லாமல், நண்பர்களோடும் விவசாயிகளோடும் சேர்ந்து 'கைஃபா' என்ற அமைப்பின் மூலம் 2019ஆம் ஆண்டு பேராவூரணிப் பெரிய ஏரியைத் தூர்வாரிக் கரைகளை உயர்த்தினார். அது 500 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்புடைய ஏரி. அதன் பின்னர் வேறு பல நீர்நிலைகளையும் அவர்கள் மீட்டனர். அவர்கள் அகற்றிய மண்ணுக்குக் காலம் காரணம். ஆனால் மீட்ட நீர்நிலைகளில் மீண்டும் சேரும் பிளாஸ்டிக்குக்கு நாமே காரணம்.

மும்பையில் அஃப்ரோஸ் ஷா என்ற இளம் வழக்கறிஞர் 2015 அக்டோபரில், 84 வயதான ஓர் அண்டை வீட்டுப் பெரியவருடன் வெர்சோவா கடற்கரையில் இறங்கிக் குப்பை அள்ளத் தொடங்கினார். இருவராய்த் தொடங்கிய பணியில் வாரந்தோறும் மக்கள் திரண்டனர். 2016ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் விருது அவரைத் தேடி வந்தது. 2018 மார்ச்சில், பல்லாண்டுகளுக்குப் பிறகு அந்தக் கடற்கரையில் ஆமைக் குஞ்சுகள் காணப்பட்டன. அங்கும் ஒரு முதியவர் ஓர் இளைஞருக்குத் துணை நின்றார் என்பதைக் கவனியுங்கள்.

"படித்த பிள்ளைகள் குப்பை பொறுக்குவதா?" என்று நம்மில் சிலர் முகம் சுளிக்கின்றனர். மஸ்ஜிதுந் நபவியின் கிப்லாச் சுவரில் ஒட்டியிருந்த சளியைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், பிறரை ஏவாமல் தம் திருக்கரத்தாலேயே சுரண்டி அகற்றினார்கள். அந்தப் பள்ளியைக் கூட்டிப் பெருக்கி வந்த ஓர் எளிய பெண்மணி மரணித்தபோது, இது பெரிய செய்தியன்று என்று எண்ணித் தோழர்கள் தெரிவிக்காமல் விட்டனர். நபியவர்களோ விசாரித்து, அவருடைய கப்ருக்குச் சென்று தொழுகை நடத்தினார்கள். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாக அவர்கள் எண்ணியிருக்க, அதனை இழிவாகக் கருத நமக்கு ஏது உரிமை? நாள்தோறும் நம் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளரை நாம் எப்படி அழைக்கிறோம், நம் வீட்டுக் குப்பையை எந்நிலையில் அவர் கையில் கொடுக்கிறோம் என்பதையும் இந்த ஹதீஸின் வெளிச்சத்தில் எண்ணிப் பாருங்கள்.

சட்டமும் இதையே வலியுறுத்துகிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் குவளையும் அத்தடையில் அடங்கும். காகிதம்தானே என்று எண்ணி நாம் தேநீர் வழங்கும் குவளைகளில் பல அந்த வகையைச் சேர்ந்தவை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டது. இந்தோனேசிய உலமா சபை 2014ஆம் ஆண்டிலேயே, கண்ட இடத்தில் குப்பை கொட்டுவதும், இன்னும் பயன்படக்கூடிய பொருளை எறிவதும் ஹராம் என ஃபத்வா அளித்துள்ளது.

பெருமக்களே! அள்ளுவதைவிட முக்கியமானது, குப்பையைச் சேரவிடாமல் இருப்பது. நம் முன்னோர் நான்கைந்து பேர் ஒரு சஹனைச் சுற்றி அமர்ந்து உண்டனர். உண்ட பின் கழுவுவதற்கு ஒரு தட்டு மட்டுமே இருந்தது. சோறு மிஞ்சினால் அடுத்தவர் பக்கம் தள்ளிப் பரிமாறிக்கொண்டனர். இன்று வலீமா முடிந்த மண்டபத்தின் பின்புறம் சென்று பாருங்கள். பாதி குடித்த தண்ணீர்ப் பாட்டில்களும், கை வைத்து மிச்சம் விட்ட பிரியாணியும் மலையாகக் கிடக்கின்றன. தவறிக் கீழே விழுந்த கவளத்தைக்கூடத் துடைத்து உண்ணுமாறு கற்றுத்தந்த நபியின் உம்மத்து நாம். வீண் விரயம் செய்வோரை ஷைத்தானின் உடன்பிறப்புகளோடு திருமறை சேர்த்துச் சொல்வதை அறிந்தும் இப்படிச் செய்கிறோம்.

எனவே இச்சபையின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: ரமளானில் பள்ளிக்குள் நோன்புக் கஞ்சியைக் கழுவிப் பயன்படுத்தும் கிண்ணங்களில் மட்டுமே வழங்குவோம். வீட்டுக்குக் கஞ்சி வாங்க வருவோர் தூக்குவாளியோடு வரட்டும். பாலித்தீன் பையில் ஊற்றித் தர வேண்டாம்.

இரண்டு: நிகாஹ் தேதிக்காக ஜமாஅத்தை அணுகும் குடும்பத்தார், விருந்தில் எறியும் பிளாஸ்டிக்கைத் தவிர்க்கவும், மிஞ்சும் உணவைச் சேர்ப்பிக்க முன்னரே ஏற்பாடு செய்யவும் உறுதி தரட்டும். சஹனோ வாழையிலையோ நம் மண்ணுக்குக் குறைவானதன்று.

மூன்று: வீட்டில் மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனித்தனியே வைப்போம். திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016ஆம் ஆண்டிலேயே இதைக் கட்டாயமாக்கிவிட்டன. உடைந்த கண்ணாடியைக் காகிதத்தில் பொதிந்து கொடுப்போம்; அதை வாங்குவதும் ஒரு தாயின் மகன் கைதான்.

நான்கு: வாய்க்காலில் எதையும் போடாதிருப்போம், பிளாஸ்டிக்கைக் கொளுத்தாதிருப்போம். அந்தப் புகை முதலில் நுழைவது நம் குழந்தைகளின் மூச்சிலேதான்.

அன்பு இளைஞர்களே! உங்களுக்குச் சொல்ல இரண்டே வார்த்தைகள். உங்கள் வீட்டு அடுக்களையிலிருந்து தொடங்குங்கள். இல்லையேல் தெருவில் சொல்லும் சொல்லுக்கு எடை இராது. பெரியவர்களிடம் பணிவாகச் சொல்லுங்கள். ஒரு முறை கேட்காவிட்டால் பத்து முறை சொல்லுங்கள். புகைப்படத்திற்காகச் செய்யும் பணி ஒரு நாளோடு முடிந்துவிடும். அல்லாஹ்வுக்காகச் செய்யும் பணியே தொடரும்.

மேட்டூர் திறந்து நம் ஊர் வாய்க்காலைக் கடந்து செல்லும் தண்ணீர், நாம் பெற்ற அதே தூய்மையோடு கடைமடை வரை சென்று சேரட்டும். அமானிதத்தைப் பேணியவர்களாகவும், அடியார்களின் உரிமை பாக்கியின்றித் தன்னைச் சந்திப்பவர்களாகவும் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.