புளியேப்பமும் பற்களும்

 

பல் கெடுவதற்கு இனிப்பே காரணம் என்பது நம் இல்லங்களில் வழிவழியாக வரும் கருத்து. அதில் உண்மையுண்டு. எனினும், இனிப்பைத் தொடாதவரின் பல்லும் தேய்வதுண்டு. அங்கே பகை வயிற்றிலிருந்து ஏறி வருகிறது.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேருமிடத்தில் ஒரு தசை வளையம் உள்ளது. அது தளர்ந்தால் இரைப்பை அமிலம் மேலே எதுக்களிக்கும். நெஞ்செரிச்சலும் புளியேப்பமும் இதன் விளைவுகளே. பல்லின் மேலுறையான எனாமல், மனித உடலிலேயே மிகக் கடினமான பொருளாகும். ஆயினும், பி.எச். அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழிறங்கினால் அது கரையத் தொடங்கும். இரைப்பை அமிலத்தின் அளவோ பெரும்பாலும் 1 முதல் 2 வரை. இவ்வளவுகோலில் ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். நம் புக்கிட் பாத்தோக் வட்டாரக் குன்றுகளில் கருங்கல்லைப் பெயர்க்க வெடி வைத்தார்கள். பல்லைக் கரைக்க ஓசையே வேண்டியதில்லை. கரைந்த எனாமல் மீண்டும் வளர்வதுமில்லை.

முதலில் தேய்வது பெரும்பாலும் மேல்வரிசை முன்பற்களின் உட்புறம். கண்ணாடி முன் நின்றாலும் அது புலப்படாது. ஆகவே, நெஞ்செரிச்சலே உணராத ஒருவரின் நோயைப் பல் மருத்துவர் முதலில் கண்டறிவதும் உண்டு. 2006இல் வெளிவந்த மொன்றியல் வரையறை, பல் தேய்வையும் நாள்பட்ட இருமலையும் இந்நோயோடு தொடர்புடையவையாக ஏற்றது. (இருமலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லும் நம் ஊர்ப் பெயரும் ஒத்தொலிப்பது வேறு கதை!)

வாய் புளித்தவுடன் பல் துலக்கத் தோன்றுவது இயல்பே. ஆனால் அதுதான் கூடாது. அமிலத்தால் இளகிய எனாமலைத் தூரிகை தேய்த்தெடுத்துவிடும். முதலில் தண்ணீரால் வாய் கொப்பளிக்க வேண்டும். சிறிது ஆப்பச் சோடா கலந்தால் மேலும் நன்று. அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து, மென்மையான தூரிகையும் ஃபுளோரைடு பற்பசையும் கொண்டு துலக்கலாம். கருவுற்ற பெண்கள் வாந்தி எடுத்த பின்னும் இம்முறையையே கைக்கொள்ள வேண்டும்.

உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் இரவில் ஏறும் அமிலமே மிகுந்த கேடு செய்யும். வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு மேல் காப்பிக்கடையில் முர்த்தபாவும் தே தாரேயும் முடித்து, வீடு திரும்பியதும் படுப்போர் நம்மிடையே எத்தனை பேர்! விரதம் முடித்த மாலையில் வயிறு புடைக்க உண்பதும் அத்தகையதே. உண்டபின் இரண்டு, மூன்று மணி நேரம் படுக்கலாகாது. கட்டிலின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்துவதும், புகையை விடுவதும், மிகை எடையைக் குறைப்பதும் பயன்தரும்.

சர்க்கரையற்ற சூயிங்கம் உமிழ்நீரைப் பெருக்கும். 1992இல் சூயிங்கம் விற்பனையைத் தடைசெய்த சிங்கப்பூர், பற்களுக்கு நன்மை தரும் வகைகளை மட்டும் மருந்தாளரும் பல் மருத்துவரும் விற்க 2004இல் இசைந்தது.

நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினால் அதனை வாயுவென்று விட்டுவிடாமல் உடனே 995ஐ அழையுங்கள். விழுங்கச் சிரமம், கறுத்த மலம், காரணமற்ற மெலிவு ஆகியவற்றுக்கும் மருத்துவரை விரைந்து காண வேண்டும். மற்றபடி, பல் மருத்துவரிடம் செல்லும்போது நெஞ்செரிச்சலையும், குடும்ப மருத்துவரிடம் செல்லும்போது பற்கூச்சத்தையும் மறவாமல் சொல்லுங்கள். முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறை அட்டை வைத்திருக்கும் மூத்தோர்க்குச் சாஸ் திட்டத்தில் பங்கேற்கும் பல் மருந்தகங்களில் கட்டணக் கழிவும் உண்டு.