சீதனமாக வந்த இரண்டு புத்தகங்கள்

(கல்முனைக்கு வந்திருந்த தோட்டக் குடும்பங்களுக்கு, மாலை ஜெபத்துக்குப் பின் நமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



பதுளைப் பக்கமிருந்து அம்பாறை, காரைதீவு வழியாக பஸ்ஸில் வந்த களைப்பு உங்களுக்கு இன்னும் தீரவில்லை என்று தெரியும். பிள்ளைகளுக்கோ கடலைக் கண்ட சந்தோஷத்தில் சோறும் வேண்டாம் என்றாகிவிட்டது. ஆகவே நீட்டிப் பேச மாட்டோம். ஒரே ஒரு காரியத்தைச் சொல்லி முடிப்போம். அது வீட்டிலே வேதம் வாசிக்கிற பழக்கம்.

இது நாங்கள் பிறந்த ஊர். நேற்றுப் பின்னேரம் மஃரிப் பாங்கு சொன்ன பிறகு கல்முனைக்குடிப் பக்கம் நடந்தவர்கள் கேட்டிருப்பீர்கள், வீடுகளுக்குள்ளிருந்து பிள்ளைகள் குர்ஆன் ஓதுகிற சத்தம். எங்கள் சின்ன வயதில் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு முஸ்லிம் மூத்தம்மா இருந்தார். பேரப்பிள்ளைகளைப் பாயில் இருத்தி ஓதவைத்துவிட்டு, வேலியால் எட்டிப் பார்த்து, "மகன், இண்டைக்கு நீங்க உங்கட வேதத்த ஓதல்லியா?" என்று கேட்பார். எங்களுக்கு வெட்கமாகிவிடும். உள்ளே ஓடிப்போய் விளக்கடியில் பைபிளைத் திறப்போம். அவர் தம் மார்க்கத்தில் இருந்தார், நாங்கள் எங்கள் மார்க்கத்தில் இருந்தோம். ஆனாலும் தினமும் வாசிக்கிற பழக்கத்தை எங்களுக்குப் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான்.

இன்று காலை வெஸ்லி உயர்தரப் பாடசாலைப் பலகையைப் பார்த்து, "யாருங்க ஐயா அந்த வெஸ்லி?" என்று ஒரு தம்பி கேட்டார். ஜோன் வெஸ்லி இங்கிலாந்தில் 1703ல் பிறந்த குருவானவர். ஒக்ஸ்போர்ட்டில் கிரேக்கம் கற்பித்த படிப்பாளி. அவரும் நண்பர்களும் நேரம் தவறாமல் கூடி வாசிப்பார்கள், ஜெபிப்பார்கள், சிறையில் இருப்பவர்களைப் போய்ப் பார்ப்பார்கள். ஒழுங்குமுறைக்காரர் என்று மற்றவர்கள் கேலியாக வைத்த பெயர்தான் மெதடிஸ்ட். அந்தச் சபையைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் 1814ல் மட்டக்களப்புக்கு வந்து, ஒரு வருஷம் நிறைவதற்குள் 1815ல் இறந்துபோனார். ஆனால் 1814ல் தொடங்கிய பள்ளிக்கூடம் இன்றைக்கும் மெதடிஸ்த மத்திய கல்லூரியாக நிற்கிறது.

இவ்வளவு படித்த வெஸ்லிக்கே நெடுநாள் உள்ளத்தில் சமாதானம் இருக்கவில்லை. 1738 மே 24ஆம் திகதி இரவு, மனமில்லாமல்தான் லண்டனில் ஒரு சிறு கூட்டத்துக்குப் போனார். அங்கே ஒருவர், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை வாசித்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் தம் உள்ளம் கனிந்து, கிறிஸ்துவில் நம்பிக்கை உண்டானதாக வெஸ்லி எழுதிவைத்தார். வாசித்தவருடைய பெயரை அவர் எழுதவில்லை. எழுத்து தெரியாத அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டுகிற பிள்ளைகளே, இதை மனதில் வையுங்கள். உங்கள் பெயரையும் யாரும் எழுதிவைக்கப் போவதில்லை. ஆனால் வேலை நடக்கும்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் நம்மைப் போன்ற உழைப்பாளி. பெயர் ஜோன் பனியன், பிறந்தது 1628ல். ஓட்டைச் சட்டிகளுக்கு ஒட்டுப் போட்டுப் பிழைத்தவர், படிப்பும் கொஞ்சந்தான். கலியாணம் செய்தபோது வீட்டில் ஒரு கோப்பையோ கரண்டியோகூட இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார். இந்தக் கரையில் மகளுக்கு வீடு கட்டிச் சீதனமாகக் கொடுப்பது வழக்கம். அந்தப் பெண்ணின் தகப்பனார் விட்டுச் சென்றதோ இரண்டே இரண்டு பக்திப் புத்தகங்கள். ஒன்று எளிய மனிதன் மோட்சத்துக்குப் போகும் பாதையைப் பற்றியது, மற்றது பக்தி முயற்சியைப் பற்றியது. புருஷனும் பெண்சாதியும் அவற்றைச் சேர்ந்து வாசித்தார்கள்.

வாசித்த உடனே அவர் பரிசுத்தவானாகிவிட்டாரா? இல்லை. கோயிலுக்கு ஒழுங்காகப் போகத் தொடங்கினார், உள்ளம் மட்டும் மாறவில்லை. பிறகு ஒருநாள் வேலைக்குப் போன இடத்தில், மூன்று நாலு ஏழைப் பெண்கள் வாசலில் வெயில் காய்ந்தபடி, கடவுள் தங்கள் உள்ளத்தில் செய்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டார். தமக்கு எட்டாத ஒன்று அவர்களிடம் இருப்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அதன் பிறகு அவர் வேதத்தைப் புதுக் கண்ணோடு வாசிக்கத் தொடங்கினார். 1660ல், அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்தார் என்று சிறையில் போட்டார்கள். பன்னிரண்டு வருஷம் இருந்தார். 1678ல் அவருடைய மோட்சப் பிரயாணம் வெளிவந்தது. அதைத் தழுவித்தான் திருநெல்வேலிச் சீமையில் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, இரட்சணிய யாத்திரிகம் என்ற பெரிய காவியத்தைப் பாடி 1894ல் வெளியிட்டார். ஏழை வீட்டுக்கு வந்த இரண்டு புத்தகமும், வாசலில் இருந்த பெண்களின் பேச்சும் எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது, பாருங்கள்.

நமது இஸ்தோப்பிலும் பெண்கள் கூடி இருக்கிறார்கள், பேச்சும் நடக்கிறது. என்ன பேச்சு என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"ஐயா, எங்களுக்கு எழுத்து தெரியாதே" என்று சில தாய்மார் சொல்வீர்கள். மலைநாட்டில் தேயிலைக்கு முன் கோப்பி இருந்த காலத்தில், 1854 அளவில் தொடங்கிய மிஷனில், திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமார் தோட்டம் தோட்டமாகப் போனார்கள். அன்றைக்கு நமது முன்னோரில் அநேகருக்கு எழுத்து தெரியாது. அவர்கள் கேட்டுத்தான் விசுவாசித்தார்கள். கேட்பதும் வாசிப்புத்தான்.

"நேரம் இல்லை" என்பீர்கள். விடியப் பெரட்டுக்குப் போய், பின்னேரம் கொழுந்து நிறுத்து, வந்து அடுப்பு மூட்டி, பிள்ளைகளையும் பார்க்க வேண்டும். நாங்கள் மறுக்கவில்லை. பத்து நிமிஷம் போதும். தேத்தண்ணி குடித்த கையோடு, சமையலுக்கு முன் உட்காருங்கள். புருஷன் குடித்துவிட்டு வருகிற வீடாக இருந்தால், அவர் வருவதற்கு முன் உட்காருங்கள். அவருக்குக் கேட்கவேண்டும் என்று குத்திக்காட்டி வாசிக்க வேண்டாம். வேத வசனத்தைக் கம்பாக எடுத்தால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும்.

எப்படி வாசிப்பது? கண்ணை மூடித் திறந்த பக்கத்தை வாசிப்பது லொத்தர் இழுப்பது போல. அது வேண்டாம். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். பதினாறே அதிகாரம். நாளைக்கு அரை அதிகாரம் என்றால் 32 நாளில் முடியும். பிறகு சங்கீதம், நாளைக்கு ஒன்றாக 150 நாள். வாசித்தபின் ஒரு நிமிஷம் சும்மா இருங்கள். பிறகு மூன்று கேள்வி கேளுங்கள். இதில் கடவுள் எப்படிப்பட்டவர் என்று தெரிகிறது? நம்மிடம் எது சரியில்லை? இன்றைக்கு என்ன செய்ய வேண்டும்? விளங்காத இடத்தைப் பிள்ளை கொப்பியில் எழுதி வைக்கட்டும், உபதேசியாரிடமோ குருவானவரிடமோ கேட்கலாம். கிழமைக்கு ஒருநாள் இரண்டு மூன்று குடும்பம் ஒரே காம்பராவில் கூடி வாசியுங்கள்.

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். அதை விட்டு நாங்கள் பட்ட வெட்கத்தையும் சொல்லிவிடுகிறோம். கோயிலில் பாடம் வாசிப்பது எங்கள் பொறுப்பு. குரல் நல்லது என்று எல்லாரும் புகழ்வார்கள். ஒரு ஞாயிறு நல்ல சமாரியன் பகுதியை உருக்கமாக வாசித்துவிட்டு வந்து, சாப்பிட்டுச் சாய்ந்திருந்தோம். மேல் மலையிலிருந்து ஒரு வயதான அம்மா, சேமலாப நிதிப் படிவம் நிரப்ப வந்தார். "இன்னைக்கு லீவும்மா, நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டோம். எங்கள் சின்ன மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, காலையில வாசிச்சது நீங்கதானே?" என்றாள். அவ்வளவுதான். சட்டையைப் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினோம். பாதி ஏற்றத்தில் ஒரு கல்லில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார் அந்த அம்மா. அங்கேயே, முழங்காலில் வைத்துப் படிவத்தை நிரப்பினோம். கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய் உடனே மறந்துவிடுகிறவனைப் பற்றி யாக்கோபு எழுதியது எங்களைப் பற்றித்தான் என்று அன்றைக்கு விளங்கியது. பரிசுத்தம் வெள்ளை உடுப்பில் இல்லை. காலையில் வாசித்தது பின்னேரம் கையில் வருகிறதா என்பதில் இருக்கிறது.

கடைசியாக இந்தக் கடலைப் பற்றி ஒரு வார்த்தை. 2004 டிசம்பர் 26ல் இதே கடல்தான் பொங்கி வந்தது. கல்முனைக்குடி, மருதமுனை, சாய்ந்தமருது, பாண்டிருப்பு என்று முஸ்லிம், தமிழர் வித்தியாசம் பார்க்காமல் அள்ளிக்கொண்டு போனது. எங்கள் உறவில் ஒரு தாய்க்கு வீடும் போனது, பேரனும் போனான், வேதாகமமும் போனது. முகாமில் அவரைக் கண்டபோது எங்களுக்குச் சொல்ல ஒரு வார்த்தையும் வரவில்லை. அவரோ, பேரனோடு தினமும் வாசித்த இருபத்துமூன்றாம் சங்கீதத்தை, புத்தகம் இல்லாமலே, நடுவில் அழுது அழுது முழுவதும் சொன்னார். அது அவருடைய துக்கத்தை மாற்றவில்லை. ஆனால் அந்த இரவைக் கடக்க அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று இருந்தது. நல்ல காலத்தில் சேர்த்தது அது. தண்ணீர் வந்தபிறகு சேர்க்க முடியாது.

நம்மோடு வந்திருக்கும் இந்துக் குடும்பத்தாரே, உங்கள் வீட்டிலும் தேவாரம், திருவாசகம் இருக்கும். பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் பிள்ளைகளை எடுத்து ஓதச் சொல்லுங்கள்.

நாளை மறுநாள் மலைக்குத் திரும்பிவிடுவோம். போன அன்றைக்கே தொடங்குவோம். யார் வீட்டில் வேதாகமம் இல்லையோ, கூச்சப்படாமல் எங்களிடம் சொல்லுங்கள். பிள்ளை வாசிக்கட்டும், அம்மா கேட்கட்டும், அப்பாவும் ஒருநாள் வந்து இருப்பார். கர்த்தர் உங்கள் காம்பராக்களை ஆசீர்வதிப்பாராக.