வெடியும் விரிசலும்



சுரங்கப் பாதை அமைப்பதில் பாறையை உடைப்பது பாதி வேலையே; நிலைத்து நிற்க வேண்டிய பாறையைச் சிதையாமல் காப்பது மறுபாதி. வெடியினால் விரிசல் எவ்வாறு தோன்றிப் பரவுகிறது என்பதை அறிந்தாலன்றி இவ்விரண்டும் ஒருங்கே கைகூடா.

துளையில் இட்ட வெடிமருந்து வெடித்தவுடன் கடும் அதிர்வலை பாறையினுள் பாய்கிறது. துளையை ஒட்டிய பகுதி நொறுங்கித் தூளாகிறது. அதற்கு அப்பால், வெளிநோக்கித் தள்ளப்படும் பாறை துளையைச் சுற்றி இழுவிசைக்கு உள்ளாகிறது. பாறை அமுக்கத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. அதன் இழுவலிமை அமுக்க வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. ஆகவே சக்கரத்தின் ஆரங்களைப் போல விரிசல்கள் கிளம்புகின்றன. உயர் அழுத்த வாயுக்கள் அவற்றினுள் ஆப்பைப் போல நுழைந்து அவற்றை நீட்டுகின்றன. அதிர்வலை திறந்த முகப்பை எட்டித் திரும்புகையில் இழுவிசை அலையாக மாறி, அங்கும் பாறையைப் பிளக்கிறது. பாறையில் முன்பே உள்ள இயற்கைப் பிளவுகளோ விரிசலின் போக்கைத் தடுக்கவும் திருப்பவும் வல்லவை.

இமாசலப் பிரதேசத்தில் ரோஹ்டாங் கணவாய்ப் பகுதியில் வெடி வைத்துக் குடையப்பட்டு, 2020 அக்டோபர் 3ஆம் நாள் திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப் பாதையை எடுத்துக்கொள்வோர் இதன் பொருளை நன்கு உணரலாம். சுற்றியுள்ள பாறையே சுமையைத் தாங்க வேண்டும். பாறை ஆணிகளும் தெளிப்புக் கான்கிரீட்டும் அதற்குத் துணை நிற்க வேண்டும் என்பதே அங்குக் கையாளப்பட்ட முறை. சேரி நாலா ஓடைக்கு அடியில் நொறுங்கிய பாறையும் நீர்க்கசிவும் பணியைப் பெரிதும் தாமதப்படுத்தின. இத்தகைய இடத்தில் அளவுக்கு மீறிய வெடிமருந்து, தாங்க வேண்டிய பாறையையே பலவீனமாக்கிவிடும்.

இதனால்தான் சுரங்க வேலையில் நடுத்துளைகள் முதலில் வெடித்து வெற்றிடம் உண்டாக்குகின்றன. சூழ்ந்துள்ள துளைகள் விநாடியின் சிறு பின்னங்கள் இடைவெளியில் அதனை நோக்கிப் பாறையைத் தள்ளுகின்றன. விளிம்புத் துளைகளை நெருக்கமாகத் துளைத்துக் குறைந்த மருந்திட்டு இறுதியில் வெடிக்கும்போது, விரிசல் துளைக்குத் துளை ஓடி இணைகிறது. அப்பாலுள்ள பாறை பெரும்பாலும் காப்பாற்றப்படுகிறது.

துளை சற்றே கோணினாலும் இப்பயன் கெடும். மிகையாகப் பெயர்ந்த இடத்தைக் கான்கிரீட்டால் நிரப்பப் பணம் விரயமாகும். தளர்ந்த பாறை அடுத்த வேளைத் தொழிலாளரின் தலைமீது விழவும் கூடும். எனவே துளையிடுவோருக்கு அளிக்கும் பயிற்சியும், ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் கூரையைச் சோதிக்கும் வழக்கமும் திட்டச் செலவின் இன்றியமையாத பகுதிகளாகும்.