குலசாபமும் குடல் புற்றும்
(காரைக்காலில் பேசியதன் சாரம்)



ஒரே குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்து ஆளைக் கொண்டுபோகும் பெருங்குடல் புற்றுநோயைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறோம். ஒரு வீட்டில் தகப்பன் நாற்பத்தைந்து வயதில் குடல் புற்றால் இறந்து, சித்தப்பன் நாற்பதில் அதே நோயால் இறந்து, அத்தை கர்ப்பப்பைப் புற்றால் இறந்தால், நம் ஜனங்கள் என்ன காரணம் சொல்லுகிறார்கள்? குலசாபம் என்கிறார்கள். காரைக்கால் பக்கமானால் சனி என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுகிறார்கள். திருநள்ளாறுதான் பக்கத்திலேயே இருக்கிறதே! எண்ணெய் தேய்த்து நளதீர்த்தத்தில் முழுகி, உடுத்தியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டு வந்தால் தோஷம் போய்விட்டது என்கிறார்கள். துணி போனது மாத்திரம் நிஜம்.

1895ல் அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலை டாக்டர் வார்த்தினிடம் அவருடைய தையற்காரப் பெண், தன் குடும்பத்தார் பலர் புற்றுநோயாலேயே செத்ததைச் சொல்லித் தனக்கும் அதுதான் முடிவு என்று வருந்தினாள். அவர் பரிகாரம் சொல்லவில்லை. காகிதத்தை எடுத்து அந்த வம்சத்தில் யார் யார் எந்த நோயால் மாண்டார்கள் என்று எழுதினார். 1913ல் அதை வெளியிட்டார். அப்பெண் தான் சொன்னபடியே கர்ப்பப்பைப் புற்றால் இறந்தாள். 1966ல் டாக்டர் லிஞ்ச் என்பவர் இத்தகைய வேறு குடும்பங்களையும் கண்டு எழுதினார். இன்று அந்த நோய்க்கு அவர் பெயரே வழங்குகிறது. 1993லும் 1994லும் அதற்குக் காரணமான மரபணுக்கள் அகப்பட்டன.

அம்மரபணுவின் வேலை என்ன? அச்சுக்கூடத்தில் புரூப் திருத்துகிறவர் வேலைதான். உடம்பின் அணுக்கள் பிரதி எடுக்கும்போது விழும் பிழைகளை அது திருத்துகிறது. திருத்துகிறவர் சரியில்லையானால் பிழை பெருகிப் புற்றாகிறது. இதில் சாபம் எங்கே இருக்கிறது?

இந்தக் கோளாறு ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. ஆண், பெண் வித்தியாசம் அதற்குக் கிடையாது. தாய் வழியாகவும் தகப்பன் வழியாகவும் ஒன்றுபோலவே வரும். கோத்திரம் பார்க்கிறவர்கள் தகப்பன் வழியையே பார்க்கிறார்கள்; கட்டிக்கொடுத்த பெண் வேறு குலமாகிவிட்டாள் என்கிறார்கள். மரபணுவுக்கு அந்தச் சாஸ்திரம் தெரியாது. அப்படிப்பட்ட குடும்பத்திலேயே முறைப்பெண், அக்காள் மகள் என்று கட்டினால் வரும் கேடு இன்னும் பெரிது. இருவரிடமும் அக்கோளாறு இருந்து குழந்தைக்கு இரு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்துவிட்டால், சிறு வயதிலேயே மூளையிலும் இரத்தத்திலும் குடலிலும் புற்று வரக்கூடும். சொத்து வெளியே போகாமலிருக்கச் செய்யும் கலியாணத்தில் இதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டாமா?

இனிப் பரிகாரம் என்னவென்றால், கொலனாஸ்கோப்பி என்னும் பரிசோதனைதான். முதல் நாள் பேதி மருந்து குடித்துக் குடலைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும், தொல்லையெல்லாம் அதில்தான். மறுநாள் மயக்க ஊசி போட்டு, விரல் பருமனுள்ள வளையும் குழாயை மலத்துவாரம் வழியாகச் செலுத்திப் பெருங்குடல் முழுவதையும் பார்க்கிறார்கள். புற்றாக மாறக்கூடிய சிறு முளை இருந்தால் அப்பொழுதே எடுத்துவிடுகிறார்கள். வயிற்றைக் கிழிக்காமல் குழாய் வழியாகவே முளையை அறுத்தெடுக்கும் இந்த வித்தை 1969ல் நியூயார்க்கில் ஆரம்பமாயிற்று. மிக அரிதாகக் குடலில் ஓட்டை விழுவதும் இரத்தம் கசிவதும் உண்டு. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

இதனால் பலன் உண்டா என்று கேட்பீர்கள். பின்லாந்து தேசத்தில் இத்தகைய 22 குடும்பங்களைச் சேர்ந்த 252 பேரைப் பதினைந்து வருஷம் கவனித்து, 2000ல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று வருஷத்துக்கொருமுறை பரிசோதனை செய்துகொண்ட 133 பேரில் 8 பேருக்குக் குடல் புற்று வந்தது. ஒருவரும் அதனால் சாகவில்லை. செய்துகொள்ளாத 119 பேரில் 19 பேருக்கு வந்தது. 9 பேர் செத்தார்கள். எந்தப் பரிகார ஸ்தலத்திலாவது இப்படிக் கணக்கு வைத்துக் காட்டியது உண்டா?

இப்பொழுது மூன்று வருஷம்கூட அதிகமென்று, லிஞ்ச் நோய்க் குடும்பத்தார் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயது முதலே ஒன்று அல்லது இரண்டு வருஷத்துக்கொருமுறை பார்க்க வேண்டுமென்கிறார்கள். மரபணுவின் வகையைப் பொறுத்துச் சிலருக்கு ஆரம்பம் சற்றுத் தள்ளிப் போகும். மற்றவர்களுக்கு முளை புற்றாகச் சுமார் பத்து வருஷம் ஆகும். இவர்களுக்கோ ஒன்று முதல் மூன்று வருஷமே போதும். சனி ராசி மாற இரண்டரை வருஷம். முளை பஞ்சாங்கம் பார்த்துக் காத்திருக்காது. குடல் நிறைய முளைகள் தோன்றும் வேறொரு பரம்பரை நோயும் உண்டு. அதற்குப் பத்துப் பன்னிரண்டு வயதுக் குழந்தை முதலே பார்க்க வேண்டும்.

வெட்கம் ஒரு பெரிய தடை. இரத்தம் போனால் மூலம் என்று தாமே தீர்மானித்து நாட்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரின் தங்கையே 1923ல் மலக்குடல் புற்றால்தான் மாண்டார். அந்தத் துக்கத்திலிருந்து அம்மையார் பாடுபட்டு எழுப்பியதே 1954ல் துவங்கிய அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி. அன்று இந்தக் குழாய் இல்லை. இன்று புதுச்சேரி ஜிப்மர் இங்கிருந்து சுமார் 130 கிலோமீட்டர்தான்.

நோயாளி ஒருவரிடம் கோளாறான மரபணு இன்னதென்று கண்டுவிட்டால், மற்றவர்களுக்கு ஓர் இரத்தப் பரிசோதனையே போதும். அது இல்லையென்று தெரிந்தவர் இந்தத் தனிப் பரிசோதனையெல்லாம் வேண்டாமென்று வீட்டுக்குப் போகலாம்.

ஆகவே தோழர்களே! ஜாதகக் கட்டத்தை மூடிவிட்டு வேறு ஒரு கட்டம் போடுங்கள். பாட்டன், பாட்டி, மாமன், அத்தை யார், எந்த வயதில், எந்த நோயில் இறந்தார்கள் என்று இரு வழியிலும் எழுதி அதை டாக்டரிடம் கொடுங்கள். நாகப்பட்டினத்திலோ மாயவரத்திலோ வாழ்க்கைப்பட்டிருக்கும் அக்காள் தங்கைகளுக்கும் அதில் ஒரு பிரதி அனுப்புங்கள்.