இளவேனிலிற் பிள்ளைக்கு ஒரு பாத்தி



பெரும்போக நெல் வீடு சேர்ந்துவிட்டது. சிறுபோக வேலைகள் தொடங்கவுள்ளன. சித்திரை வருடப்பிறப்பையொட்டிப் பாடசாலைகளுக்கும் விடுமுறை. எனினும் கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இவ்வேளையிலும் கைத்தொலைபேசியுடன் அறையினுள்ளேயே இருக்கின்றனர். பத்து வயதாகியும் பயற்றைக் கன்றையும் உழுந்துக் கன்றையும் பிரித்தறியாதோர் உளர். குற்றம் அவர்களுடையதன்று, "தோட்டத்திற்கு வராதே, போய்ப் படி" என்று கூறியவர்கள் நாமே.

வெளியில் உலாவுவதாற் படிப்புக் கெடுவதில்லை. கண்ணுக்கு அது நன்மையே. சீனாவின் குவாங்சோ நகரப் பாடசாலைகளில் நடைபெற்று 2015 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், நாள்தோறும் மேலதிகமாக 40 நிமிடம் வெளியிற் கழித்த பிள்ளைகளிடையே, தூரப்பொருள் மங்கலாகத் தெரியும் குறைபாடு குறைவாகவே தோன்றியது.

வீட்டுக்கு அண்மையில் 6 அடி நீளம், 3 அடி அகலமான பாத்தியொன்றைப் பிள்ளைக்கென விடுங்கள். அகலம் மிகுந்தாற் சிறுகை நடுவை எட்டாது. நன்கு உக்கிய மாட்டெரு இரண்டு கடகம் பரப்பிக் கொத்திக் கொடுப்பது உங்கள் வேலை. முதலிற் கீரையே நன்று. பிள்ளையின் பொறுமைக்கு அதுவே ஏற்றது. விதையை மணலுடன் கலந்து தூவச் செய்யுங்கள். ஒரு கிழமைக்குள் முளைக்கும். ஏறத்தாழ நாலு கிழமையிற் கறிக்கு உதவும். முளை வராவிடின் இரகசியமாக நீங்கள் மறுவிதை தூவாதீர்கள். பிள்ளையே மண்ணைக் கிளறிக் காரணம் தேடட்டும். எறும்பு விதையைக் கொண்டுபோயிருக்கலாம்.

ஓரத்தில் நாலு பயற்றை விதையும் ஊன்றலாம். குருத்திற் கரிய சிறுபூச்சிகள் மொய்த்தால் உடனே மருந்தை நாடவேண்டாம். அவற்றைத் தின்னும் செந்நிறப் பொறிவண்டு வருகின்றதா என்று பிள்ளையுடன் குந்தியிருந்து பாருங்கள். (அப்பத்து நிமிடம் உங்களுக்கும் இளைப்பாறுதலே.)

ஆயினும், கட்டில்லாத கிணற்றைச் சுற்றி அடைப்பிடாமற் பிள்ளையைத் தோட்டத்தில் விடாதீர்கள். கிணற்று அடைப்பே முதல் வேலை. பாத்தி அதன் பின்னரே. மருந்து தெளித்த காணியிற் குறித்த நாட்கள் கழியுமுன் கால்வைக்க விடலாகாது; வெறும் மருந்துப் போத்தலும் விளையாட்டுப் பொருளன்று. பங்குனி, சித்திரையிற் பிற்பகல் இடிமின்னல் மிகுதி. முதல் முழக்கம் கேட்டதும், வார்த்த நீர் பாதியில் நின்றாலும், வீட்டுக்குள் வந்துவிடவேண்டும், பனையடியில் ஒதுங்கலாகாது. ஆகவே பாத்தி வேலையைக் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கீரை பிடுங்கும் நாளில் முதற்பிடியைப் பிள்ளையே தாயாரிடம் கொடுக்கட்டும். நல்ல கன்றுகள் இரண்டை மட்டும் விடச்சொல்லுங்கள். அவை பூத்து முற்றியபின் விதையை உதிர்த்து, உலர்த்திப் போத்தலில் வைத்தால், அடுத்த பாத்திக்கு விதை வாங்கவேண்டியதில்லை.