ஃபத்வாவும் தினக்கூலியும்



உதுமானியப் பேரரசில் மதம் அரசை ஆண்டதா, அரசு மதத்தை ஆண்டதா? நம் துறையில் ஓயாத கேள்வி இது. இன்றைய நிகழ்ச்சி நிரலிலும் வேறு வேறு தலைப்புகளில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைச் சற்று ஒதுக்கிவைத்து, ஆலிம்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது, அதை வாங்கிக்கொண்டு அவர்கள் என்ன தீர்ப்புச் சொன்னார்கள் என்று பார்க்கலாம் என்பது என் யோசனை.

இஸ்தான்புல்லை 1453இல் கைப்பற்றிய இரண்டாம் முகம்மது, தன் பள்ளிவாசலைச் சுற்றி எட்டு மதரஸாக்களைக் கட்டினார். ஆசிரியருக்கு நாளொன்றுக்கு 50 அக்சே வெள்ளிக்காசு. காலப்போக்கில் மதரஸாக்களின் தரமே கூலியால் குறிக்கப்பட்டது: இருபதுக்காரர், முப்பதுக்காரர், நாற்பதுக்காரர். ஆசிரியர் படிப்படியாக ஏறிக் காஜி ஆகலாம்; இராணுவக் காஜி ஆகலாம்; உச்சியில் ஷைகுல் இஸ்லாம். மார்க்கக் கல்வியை இவ்வளவு ஒழுங்கான உத்தியோக ஏணியாக மாற்றிய முஸ்லிம் அரசு அதற்கு முன் இருந்ததில்லை என்றே நினைக்கிறேன்.

அந்த ஏணியின் உச்சியில் 1545 முதல் 1574இல் இறக்கும்வரை இருந்தவர் அபுஸ்ஸுவூத் எஃபெந்தி. சுல்தான் சுலைமானின் ரப்பர் முத்திரை என்று இவரை ஒதுக்குவோர் உண்டு. சினான் கட்டிய சுலைமானியா பள்ளிவாசலின் வாயில் கல்வெட்டைப் பார்த்தால் அந்த எண்ணம் வருவது இயல்புதான். அபுஸ்ஸுவூத் யாத்த அந்த வாசகம், அரசச் சட்டங்களை இயற்றியவர் என்று சுல்தானைத் தொழுகைக்கு நுழையும் இடத்திலேயே புகழ்கிறது. ஆனால் ரொக்க வக்ஃபு விவகாரம் அந்த எண்ணத்தைக் குலைக்கிறது.

வக்ஃபு என்றால் நிலமோ கட்டடமோதான் நினைவுக்கு வரும். அது அழியாமல் நிற்க வேண்டும். உதுமானிய நகரங்களிலோ மக்கள் பணத்தையே வக்ஃபு ஆக்கினார்கள். அந்தப் பணம் கடனுக்குப் போகும். கிடைக்கும் வருவாயில் பள்ளிவாசல் விளக்கெரியும், இமாமுக்குக் கூலி கிடைக்கும். வட்டி ஹராம் ஆயிற்றே? வழி இருந்தது. கடன் வாங்குபவர் தன் வீட்டை வக்ஃபுக்கு விற்றதாக எழுதிக்கொடுத்து, அதே வீட்டில் வாடகைக்கு இருப்பார். அசலைக் கட்டியதும் வீடு திரும்பிவிடும். வாடகை எவ்வளவு என்று பார்த்தால், பெரும்பாலும் அசலில் 10 சதவீதத்தை ஒட்டியே இருக்கும்!

சீவிஸாதே என்ற இராணுவக் காஜி இதைப் பொறுக்கவில்லை. சுல்தானிடம் சொல்லித் தடையே வாங்கிவிட்டார். அபுஸ்ஸுவூத் எதிர்த்து எழுதினார். ஹனஃபி மத்ஹபின் பழைய இமாம்களின் கருத்துகளைத் தேடி எடுத்துக் காட்டினார். ஊர் வழக்கமாக ஊன்றிவிட்டதைக் கலைத்தால் எத்தனையோ அறக்கட்டளைகள் சரியும் என்றும் வாதிட்டார். சோஃபியாவிலிருந்து பாலி எஃபெந்தி என்ற சூஃபி ஷைகும் அதே பக்கம் நின்று கடிதம் எழுதினார். 1548இல் தடை நீங்கியது. பிர்கி என்ற சிற்றூரில் பாடம் நடத்திய பிர்கிவி மட்டும் கடைசிவரை ஒப்பவில்லை. கிதாபின்படி பார்த்தால் அவர் வாதமே வலுவானது என்பது என் கருத்து. ஆனாலும் ஊர் அபுஸ்ஸுவூதின் பக்கம் நின்றது. சுல்தானின் ஆணையாகவே வந்த தடையை அவர் எதிர்த்து நீக்கவைத்தது, முத்திரை குத்துகிறவர் செய்யும் வேலையன்று. அவர் காப்பாற்றியது யாருடைய பணத்தை? 1546ஆம் ஆண்டு இஸ்தான்புல் வக்ஃபுப் பதிவேட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட வக்ஃபுகள் பெண்கள் ஏற்படுத்தியவை. அரண்மனைப் பெண்களை மட்டுமே எழுதிக்கொண்டிருக்கும் நாம் அந்தப் பக்கங்களைப் புரட்ட வேண்டும்.

அடுத்த நூற்றாண்டில் சண்டை காப்பிக் கடைக்கு மாறியது. அதற்கு முன்பே, 1550களின் நடுவில், அலெப்போவிலிருந்தும் டமாஸ்கஸிலிருந்தும் வந்த இருவர் தலைநகரில் காப்பிக் கடை திறந்ததாக வரலாற்றாசிரியர் பெச்செவி எழுதுகிறார். 1633இல் ஒரு பெருந்தீக்குப் பின் நான்காம் முராத் கடைகளை மூடினார், புகையிலையையும் தடுத்தார். கூடிப் பேசும் இடத்தை அஞ்சிய மன்னருக்கு, போதகர் காதிஸாதே முகம்மதின் கண்டிப்பான மிம்பர் உரைகள் தோதாக அமைந்தன. அவரிடமே பாடம் கேட்ட காதிப் செலெபி 1656இல் எழுதிய நூலில், மக்களிடம் வேரூன்றிய பழக்கத்தை அடித்து ஒழிக்க முடியாது என்று நிதானமாக வாதிடுகிறார். அவர் மதரஸா ஏணியில் ஏறியவரல்லர், கணக்கர். அந்த நிதானத்துக்கு இதுவும் காரணமோ என்னவோ.

ஏணி கட்டிக் கொடுத்த அரசு, உச்சியில் இருந்தவரின் உயிரையும் எடுத்திருக்கிறது. 1634இல் ஷைகுல் இஸ்லாம் ஆகிஸாதே ஹுசைனை அதே முராத் கொல்லவைத்தார். அதற்குமுன் அந்தப் பதவியில் இருந்த எவருக்கும் அந்த முடிவு நேர்ந்ததில்லை. 14 ஆண்டு கழித்து, 1648இல், முராதின் தம்பி இப்ராகிமை அரியணையிலிருந்து இறக்கியது ஒரு ஃபத்வா. சில நாளில் அவர் உயிரும் போயிற்று. எழுதியவர்களும் சம்பளக்காரர்களே. ஆனால் கலகத்தில் எழுந்த யெனிச்சேரிப் படை அப்போது அவர்களோடு நின்றது. படை பின்னால் இல்லாதபோது ஃபத்வாவுக்கு எவ்வளவு எடை இருந்தது என்பதை இந்த மூன்று நாளில் யாராவது காஜி மன்றப் பதிவேடுகளைக் கொண்டு சொன்னால் மகிழ்வேன். முதல் அமர்வு வக்ஃபு பற்றியது. கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம்.