வீடு பள்ளிக்கூடமாகும்போது

(பெற்றோர் கூட்டமொன்றில் பேசியது)



பள்ளிக்கூடம் மூடப்பட்டு, பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே படிக்க நேர்ந்தால், பெற்றோர்கள் என்னென்ன ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றிப் பேசும்படி கேட்டுக் கொள்ளப்பட்டிருக்கின்றோம். "கொரோனா தொலைந்துவிட்டதே, இனி அந்தப் பேச்சு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். 2024-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில், காற்று நஞ்சாய்ப் போன காரணத்தால் டில்லியில் பள்ளிப் பிள்ளைகளை வீட்டிலிருக்கச் சொல்லி, போன் வழியாகப் பாடம் நடத்தினார்கள். நோயும் வெள்ளமும் புகையும் பஞ்சாங்கத்தில் நாள் பார்த்துக்கொண்டு வருவதில்லை. ஆதலால் முன்கூட்டியே யோசித்து வைப்பதுதான் அறிவுடைமையாகும்.

இது புதிய விஷயமுமல்ல. 1937-இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரத்தில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, பள்ளி திறப்பதைத் தள்ளிவைத்து, மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ரேடியோ மூலம் கால்மணி நேரப் பாடங்களாக நடத்தினார்கள். கேள்விகளைப் பத்திரிகைகள் அச்சிட்டன. ஆனால் ரேடியோ இல்லாத வீட்டுப் பிள்ளையின் கதி என்ன? அன்று அங்கே இருந்த அந்தக் குறைதான் 2020-இல் இங்கே போன் இல்லாத வீடுகளில் தலை காட்டியது.

நமது தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், 1 முதல் 8 வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ந் தேதிதான் திறந்தன. ஏறக்குறைய 19 மாத காலம்! கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடந்தது வாஸ்தவம். போனில் பாடம் வந்ததும் வாஸ்தவம். ஆனால் வீட்டுக்குள் என்ன நடந்தது? ஒரே போன் இருந்த வீட்டில் பகலெல்லாம் அது அப்பனோடு வேலைக்குப் போய்விட்டது. மாலையில் அவன் திரும்பியதும் ஆண்பிள்ளையின் கைக்குப் போயிற்று. பெண்பிள்ளையின் கையில் விளக்குமாறு இருந்தது. இது எத்தனை வீட்டில் நடந்தது என்பதை இங்குள்ள தாய்மார்கள் தங்கள் மனதையே கேட்டுப் பார்க்கட்டும்.

தோழர்களே! பள்ளிக்கூடம் ஒரு பெண்ணுக்குக் கொடுப்பது எழுத்து மாத்திரமல்ல. "தண்ணீர் கொண்டுவா, தம்பியைத் தூக்கு, அடுப்பைப் பார்" என்று ஒருவரும் கூப்பிட முடியாத சில மணி நேரத்தையும் அது அவளுக்குக் கொடுக்கின்றது. பள்ளியை வீட்டுக்குள் கொண்டுவந்தால் முதலில் பறிபோவது அந்த நேரந்தான். ஆகவே வீட்டைத் தயார் செய்வதென்பது, விலையுயர்ந்த போனை ராகுகாலம் கழித்து வாங்கி, சந்தனம் குங்குமம் வைப்பதல்ல. அந்த நேரத்தைப் பறிகொடாமல் காப்பதேயாகும்.

அதற்கு என்ன வழி?

முதலாவது, நேரம். 2020 ஜூலையில் மத்திய சர்க்கார் வகுத்த முறைப்படி, 1 முதல் 8 வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு இரண்டு பாடவேளைக்கு மேலும், 9 முதல் 12 வகுப்புகளுக்கு நான்குக்கு மேலும் திரையில் பாடம் கூடாது. ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிஷம். எனவே ஒரே போன் இருந்தாலும் இரண்டு மூன்று பிள்ளைகளுக்குப் பங்கிட முடியும். இன்னாருக்கு இன்ன நேரம் என்று காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அதில் மகளின் பெயரும் மகனின் பெயரும் சமமாக இருக்கட்டும். மீதி நேரம் புத்தகத்துக்கும் விளையாட்டுக்கும் உரியது.

இரண்டாவது, இடம். தனி அறைக்கு எங்கே போவது என்பீர்கள். ஒற்றை அறை வீடானாலும் வெளிச்சமுள்ள ஒரு மூலையில் பாயை விரித்து, ஒரு பெட்டியைக் கவிழ்த்து மேஜையாக வையுங்கள். பாட நேரத்தில் நாடகத் தொடரை நிறுத்துங்கள். பிள்ளையின் படிப்புக்காக அரைமணி நேரம் தொடர் பார்க்காதிருக்க முடியாதவர்கள், பிள்ளைக்குப் புத்தி சொல்ல என்ன யோக்கியதை உடையவர்கள்?

மூன்றாவது, வீட்டு வேலை. சாப்பிட்ட தட்டை மகன் கழுவினால் அவன் கை தேய்ந்து போகாது. அப்பன் தண்ணீர்க் குடம் தூக்கினால் அவன் மீசை உதிர்ந்து போகாது. வேலையைப் பெண் தலையில் கட்டிவிட்டு, "அவளுக்குப் படிப்பு ஏறவில்லை" என்பது எவ்வளவு பெரிய அக்கிரமம்!

நான்காவது, "நமக்கே எழுத்துத் தெரியாதே" என்னும் கவலை. தெரியாவிட்டால் என்ன? "இன்று என்ன படித்தாய், எனக்குச் சொல்" என்று தினமும் கேளுங்கள். பிறருக்கு விளக்கிச் சொன்ன பாடந்தான் மனதில் நிற்கும். படித்த பெண்கள் தெருவில் இருந்தால் அவர்களிடம் அனுப்புங்கள். 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், அப்படிப்பட்டவர்கள் மாலை வேளைகளில் தெருத் திண்ணைகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

கடைசியாக ஒன்று. பள்ளி மூடினால் மதிய உணவும் நின்றுபோகும். அதற்குப் பதிலாகச் சர்க்கார் அரிசி, பருப்புக் கொடுத்தால் தவறாமல் வாங்குங்கள். பசியைக் காரணங் காட்டி மகனை வேலைக்கும், மகளை மணமேடைக்கும் அனுப்பிவிடாதீர்கள். மூடிய பள்ளி மறுபடி திறக்கும். மணமேடைக்குப் போன பெண் பள்ளிக்குத் திரும்பி வருவது அருமை.

ஆதலால், தாய்மார்களே! தோழர்களே! பள்ளி மூடும் நாளுக்காகக் காத்திராமல், இன்றிரவே உங்கள் வீட்டு வேலைகளைக் கணக்கெடுத்து, எது யார் தலையில் விழுகின்றது என்று பாருங்கள். அந்தக் கணக்கைத் திருத்துவதே நாம் கேட்டுக் கொள்ளும் ஏற்பாடு என்று கூறி, இவ்வளவோடு முடித்துக் கொள்ளுகின்றோம்.